தமிழ் வாசிப்பு: கற்பிக்கும் முறைகளும் அளக்கும் முறைகளும், நீண்டகாலப் பயன்பாட்டில்

247 எழுத்தையும் அட்டவணைப்படி முடித்த பிறகே சொல்லுக்குப் போகும் முறையில் குழந்தை வரிசையைப் பாட்டாக ஒப்பிக்கும். 'கொ'வைத் தனியாகக் காட்டினால் 'க, கா, கி' என்று முதலிலிருந்து ஓடிவந்துதான் பிடிக்கும். முழுச்சொல் முறையில் 'மரம்' உடனே வந்துவிடும், 'மரத்தடியில்' என்றால் நின்றுவிடும். உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிவரும் மொழியில் சொல்லின் உருவத்தை மட்டும் நம்பி வெகுதூரம் போக முடியாது.

நின்று பலன் தருவது கலப்பு முறைதான். முதலில் ட, ப, ம, ர, க. கூடவே ம், ட், க். இவற்றுக்குள்ளேயே படம், மரம், பட்டம், பக்கம், கட்டம் எல்லாம் வாசிக்கலாம். பிறகு துணைக்காலில் தொடங்கி ஒரு நேரத்துக்கு ஒரு குறி. உகர, ஊகார வரிசைகளில் அவசரம் கூடாது. கு, டு, து ஒவ்வொன்றும் ஒரு வடிவம், பொது விதி சொல்லித் தப்பிக்க வழியில்லை. 'கொடி'யைக் 'கெடி' என்று வாசித்தால் பார்வை துணைக்கால்வரை போகவில்லை என்று பொருள். அதற்கு மருந்து கெ–கொ, கே–கோ இணைகளை அருகருகே வைப்பதுதான். அட்டவணையை மறுபடி ஒப்பிக்கச் சொல்வதில் பயனில்லை.

அளப்பதில், எழுத்து, சொல், பத்தி, கதை என்ற நான்கு நிலைச் சோதனை இந்தியாவில் 2005 முதல் ஏசர் (ASER) என்ற, குழந்தைகளின் கற்றல் நிலையை வீடுவீடாகச் சென்று அளக்கும் கணக்கெடுப்பு வழியாகப் பரவியது. பத்தியில் தொடங்க வேண்டும். முடியாவிட்டால் சொல்லுக்கு இறங்க வேண்டும். 5 சொல்லில் 4 சரியென்றால் சொல் நிலை. குழு பிரிக்க இதைவிட எளிதானது இல்லை. ஆனால் படிகள் பெரியவை. 'சொல்' நிலையிலேயே மாதக்கணக்கில் நிற்கும் குழந்தை உள்ளுக்குள் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது இதில் தெரியாது.

அதைக் காட்டுவது ஒரு நிமிட வாசிப்பு. வாசிக்காத பத்தி, நிறுத்துகடிகாரம், ஆசிரியர் கையில் ஒரு நகல். 3 நொடி தயங்கினால் சொல்லைச் சொல்லிக்கொடுத்துப் பிழையாகக் குறிக்க வேண்டும். தானே திருத்திக்கொண்டால் சரி. ஆங்கிலத்துக்கான நிமிடச் சொற்கணக்கை இங்கே பொருத்துவது பெருந்தவறு: 'போய்க்கொண்டிருந்தார்கள்' ஒரே சொல், 12 எழுத்து. சரியாக வாசித்த எழுத்துகளை எண்ணினால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். வேகத்தை மட்டும் புகழ்ந்தால் குழந்தைகள் விகுதியை விழுங்கப் பழகிவிடுவார்கள்.

நாளைய பாடத்தைச் சொல்வது பிழைப் பதிவு மட்டுமே. சரியான சொல்லுக்கு ஒரு டிக். தவறென்றால் குழந்தை சொன்னதை அப்படியே மேலே எழுத வேண்டும். 100 சொல்லில் 95 சரியென்றால் தனியே வாசிக்கலாம், 90 முதல் 94 வரை துணையோடு, அதற்குக் கீழே நூல் கடினம் என்பது வழக்கமான அளவு. நீண்ட சொற்கள் நிறைந்த தமிழ்ப் பத்தியில் விகுதி ஒன்று தவறினாலே முழுச்சொல்லும் போய்விடும், ஆகவே இந்த அளவுகளைக் கண்மூடிப் பின்பற்ற வேண்டாம். குறில்–நெடில் பிழை, கொம்புப் பிழை, ல–ள–ழ குழப்பம் என்று வகை பிரித்தால் எதில் நேரம் செலவிடுவது என்பது தெரிந்துவிடும். 'வருகிறார்கள்' என்பதை 'வர்றாங்க' என்று வாசித்தால் தனி நிரலில் குறிக்கவும். பொருள் புரிந்தே வாசிக்கிறது, கண் மட்டும் கடைசிவரை போகவில்லை. இதை எழுத்துப் பிழையோடு கலந்தால் தவறான பயிற்சிதான் கிடைக்கும்.

ஒரே பத்தியைத் திரும்பக் கொடுத்தால் நினைவாற்றல்தான் மதிப்பெண் வாங்கும். கொம்பும் துணைக்காலும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் வரும் மூன்று பத்திகளாவது கையிருப்பில் வேண்டும். சந்தேகமிருந்தால் 'பகிமு', 'கெமிடு' போன்ற பொருளற்ற சொற்களைக் கொடுத்துப் பார்க்கலாம். மனப்பாடம் அங்கே செல்லாது.