பெல்ட் லேத்தா, கியர் லேத்தா?

கும்பகோணம் பக்கம் வீட்டோடு பட்டறை போட நினைத்து பழைய லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) தேடினால் இரண்டு வகைதான் கண்ணில் படும். ஒன்று, படிப்படியான புல்லியில் பெல்ட் மாற்றும் நாலரை அடி லேத். பெரும்பாலும் பட்டாலா அல்லது ராஜ்கோட் சரக்கு. மற்றது எச்எம்டி கம்பெனி லேத் மாதிரி, வேலைப்பொருளைச் சுழற்றும் தலைப்பகுதிக்குள்ளேயே கியர் வைத்தது.

கியர் லேத்தில் பழகிய கைக்கு மற்றது பிடிக்காது. கைப்பிடியைத் திருப்பினால் வேகம் மாறும், ஆழமாக வெட்டினாலும் திணறாது. ஆனால் அதற்கு மூன்று பேஸ் கரண்ட் வேண்டும். வீட்டில் சிங்கிள் பேஸ்தான் என்றால், 2 எச்பி வரை விஎஃப்டி (சிங்கிள் பேஸை மூன்று பேஸாக்கும் மின்னணுப் பெட்டி) போட்டு ஓட்டலாம். அதிலிருந்து 230 வோல்ட்தான் வரும் என்பதால் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் முறையில் இணைத்த மோட்டாரின் வயர்களை டெல்டா முறைக்கு மாற்றிக் கட்ட வேண்டும். பெரிய மோட்டார் என்றால் அதுவும் சரிப்படாது. தலைக்குள் ஒரு பல் உடைந்தால் அலைச்சல் வேறு.

பெல்ட் லேத் ஆழமாக வெட்டினால் வழுக்கும். குறைதான். ஆனால் புதிதாகக் கற்பவர் வெட்டும் டூலை, வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் சக்கில் மோதவிட்டால் பெரும்பாலும் பெல்ட் நழுவுவதோடு போய்விடும். பம்புசெட் புஷ், ஷாஃப்ட், நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் தண்டு போன்ற வேலைக்கு இது தாராளம். என் ஓட்டு இதற்குத்தான். மில்லிமீட்டர் மரை போடுவீர்கள் என்றால் 127 பல் கியர் இருக்கிறதா என்று கேளுங்கள். மரை போடும்போது டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ பழைய லேத்தில் அங்குலக் கணக்கு; ஓர் அங்குலம் 25.4 மி.மீ, அதை 5 ஆல் பெருக்கினால்தான் முழு எண், 127.

எதை வாங்கினாலும் பெட்டை, அதாவது டூல் நகரும் அடித்தண்டவாளத்தை, பாருங்கள். முதல் லேத்தைப் பெயின்ட் பளபளப்பில் மயங்கி வாங்கி ஏமாந்தவன் நான். சக் பக்கத்தில், டூலைச் சுமந்து நகரும் கேரேஜின் ஆட்டம் போகும்வரை ஜிப்பை (ஆட்டத்தைச் சரிசெய்யும் பட்டை) இறுக்கி, அப்படியே மறுமுனையிலுள்ள டெயில்ஸ்டாக் பக்கம் தள்ள வேண்டும். அங்கே போய் இறுகி நின்றால் சக் பக்கம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். புஷ் மாற்றலாம், மோட்டார் மாற்றலாம்; பெட்டைச் சரிசெய்ய லேத் விலையே ஆகிவிடும்.

அப்புறம் நம்ம ஊர்க் களிமண். கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும்; தரை அசைந்தால் பெட்டும் முறுகும். அடைமழை ஓய்ந்து தை மாதம் ஒரு தண்டு கடைந்தேன், அரையடி நீளத்துக்குள் தடிமனில் 0.08 மி.மீ சரிவு. டெயில்ஸ்டாக் பக்கக் காலின் கீழ் மெல்லிய தகடு ஒன்றைச் செருகிய பிறகுதான் நேரானது.