'நரம்பு விடுபடுது, பொறுத்துக்கோங்க' என்றால் உடனே எழுந்துவிடுங்கள்: டீப் டிஷ்யூ மசாஜ் எச்சரிக்கை

தசை வலிக்கு டீப் டிஷ்யூ மசாஜ் (ஆழத்துத் தசை வரை பலமாக அழுத்திச் செய்யும் மசாஜ்) போகலாமா என்று யோசிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கெண்டைக்கால் பிடிப்புக்காகப் போன எனக்கு வலது பாதத்தைத் தூக்க முடியாமல் போய்விட்டது.

ஓடும்போது கெண்டையின் வெளிப்பக்கம் இறுகி இழுத்தது. அவ்வளவுதான் என் பிரச்சினை. போன மசாஜ் சென்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், போன் நம்பர், எந்த பேக்கேஜ் வேண்டும், அதோடு சரி. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சர்க்கரை இருக்கிறதா, கால் மரத்துப்போகுமா என்று ஒரு கேள்வி கிடையாது. பணத்தை மட்டும் மொத்தமாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

மசாஜ் செய்தவர் உள்ளங்கையால் நீவிவிட்ட வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, முழங்கையால் கெண்டையிலிருந்து முட்டியை நோக்கி அழுத்திக்கொண்டே வந்தார். உங்கள் முட்டிக்குக் கீழே, வெளிப்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதற்குச் சற்றுக் கீழே முழங்கை நுனியை ஊன்றி, தன் எடையைச் சாய்த்து அப்படியே பிடித்தார். அங்கிருந்து பாதத்தின் மேல்பக்கம் வரை சுரீரென்று ஓடியது. "ஷாக் அடிக்கிற மாதிரி இருக்குங்க, விடுங்க" என்றேன். "அதான் சார் முடிச்சு. நரம்பு விடுபடுது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று சொல்லி இன்னும் அழுத்தினார். காலை இழுத்துக்கொண்டேன். கணுக்காலைப் பிடித்து நிறுத்திக்கொண்டு மறுபடி அதே இடத்தில் ஊன்றினார்.

எழுந்தபோது பாதத்தின் மேல்பக்கம் மரத்திருந்தது. "நச்செல்லாம் வெளியே போகுது சார், நிறைய தண்ணி குடிங்க, சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் காலை நடந்தால் செருப்பு கழன்று கழன்று போகிறது. படியேறும்போது விரல் நுனி படியில் இடிக்கிறது. முழங்கை ஊன்றிய இடம் நீலமாகக் கன்றிக் கிடந்தது.

மருத்துவர் குதிகாலால் நடக்கச் சொன்னார். இடது கால் நடந்தது, வலது பாதம் தொப்பென்று விழுந்தது. அந்த எலும்பு முண்டுக்குக் கீழேதான் பெரோனியல் நரம்பு எலும்பைச் சுற்றி முன்பக்கம் வருகிறது. பாதத்தை மேலே தூக்க வைப்பது அதுதான். அங்கே அதற்குத் தசைப் பாதுகாப்பே இல்லை, தோலுக்கு அடியில் எலும்பை ஒட்டிக் கிடக்கிறது. இறுக்கமான மாவுக்கட்டு போட்டாலோ, கால் மேல் கால் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தாலோகூட நசுங்கக்கூடிய நரம்பு. அதன்மேல் ஒரு ஆளின் எடை! நசுங்கியதோடு நின்றால் சில வாரங்களில் தேறும். உள்ளிழைகள் அறுந்திருந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் திரும்ப வளரும் என்றார்.

மருத்துவர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "உங்க நரம்பு வீக்கா இருந்திருக்கும் சார், டீப் டிஷ்யூன்னா வலிக்கத்தான் செய்யும். பேக்கேஜ் பணம் ரிட்டர்ன் கிடையாது, வேணும்னா தோளுக்குப் பண்ணிக்கோங்க." இதைக் கேட்டபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. கால் போனவனிடம் தோளைக் கேட்கிறார்கள்.

அந்த 'நச்சு' கதையையும் நம்பாதீர்கள். தசையில் தேங்கிய லாக்டிக் ஆசிட்டைப் பிழிந்து எடுப்பதாகச் சொல்வார்கள். உடற்பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம்போல ஆனாலே அது தானாக வடிந்துவிடும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைக் களைக்கும்வரை சைக்கிள் மிதிக்கவைத்து, ஒரு காலுக்கு மட்டும் மசாஜ் செய்து, இரண்டு கால்களிலும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் முடிவு வெளியானது. மசாஜ் செய்த காலில் அழற்சி குறைந்திருந்தது, லாக்டேட் (அதாவது லாக்டிக் ஆசிட்) அளவில் வித்தியாசமே இல்லை. ஆக மசாஜால் பலன் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. இவர்கள் சொல்லும் காரணம்தான் பொய். அந்தப் பொய்யை வைத்துத்தான் 'வலித்தால்தான் வேலை செய்யும்' என்று நம்மைப் பொறுத்துக்கொள்ள வைக்கிறார்கள்.

நல்ல தெரபிஸ்ட் முதலில் கேள்வி கேட்பார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், எலும்பு மெலிந்து எளிதில் முறியக்கூடிய நிலையில் (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்கள், சர்க்கரையால் கால் உணர்ச்சி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள் எல்லாம் மருத்துவரைக் கேட்காமல் ஆழமான அழுத்தத்துக்குப் போகவே கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதைப் பிசைந்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும், உயிருக்கே ஆபத்து. கழுத்தின் முன்பக்கம், அக்குள், தொடை இடுக்கு, முட்டிக்குப் பின்பக்கக் குழி, நான் சொன்ன அந்த எலும்பு முண்டு, இங்கெல்லாம் முழங்கை வந்தால் தடுத்துவிடுங்கள்.

தசை அழுத்தப்படும் வலி மந்தமாக இருக்கும், மூச்சு சீராக விட முடியும். ஷாக், எரிச்சல், மரத்துப்போதல் என்றால் அது நரம்பு. நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள், பணம் போனால் போகட்டும். வீட்டுக்கு வந்தபிறகு பாதமோ கையோ தூக்க வரவில்லை என்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். உடம்பெல்லாம் கடும் வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குவதாக இருக்கலாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.