லாய்ஷ்டுர்ம் 1917: தாளை உருவினால் காட்டிக்கொடுக்கும் நோட்டு

டைரியில் யாராவது கைவைத்தால் தெரிந்துவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஜெர்மன் நோட்டு (ஏ5, கெட்டி அட்டை) சரியாக இருக்கும். சுமார் 250 பக்கங்களுக்கு வரிசை எண் அச்சாகியே வருகிறது. தாள்கள் நூலால் தைக்கப்பட்டவை. ஸ்டேப்ளர் பின் அடித்த சாதா நோட்டில் ஒரு தாளை உருவினால் நாலு பக்கம் சத்தமில்லாமல் காணாமல் போகும். இதில் 87, 88ஆம் பக்கங்களைக் கிழித்தால் எண் தாவும், அதோடு ஒட்டிய மறுபாதித் தாளும் தையலில் ஆட ஆரம்பிக்கும். பிளேடால் அறுத்தாலும், நோட்டை நன்றாக விரித்தால் மடிப்பில் மிச்ச விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும்.

ஆனால் கடைசி 8 தாள்களில் கிழிப்பதற்கென்றே துளைக்கோடு போட்டிருக்கிறார்கள். அதில் டைரி எழுதாதீர்கள், மளிகைச் சீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இலாஸ்டிக் பட்டையைப் பூட்டாக எண்ணவும் வேண்டாம்.

பேனா தப்பானால் இத்தனையும் வீண். பைலட் ஃபிரிக்ஸியன் என்ற அழிக்கக்கூடிய பேனா அறவே கூடாது: சுமார் 60 டிகிரி சூட்டில் எழுத்து மறைந்துவிடும், ஹேர் டிரையர் போதும். சாதா பால்பாயிண்ட் மை அசிட்டோனில் கரையும். யூனிபால் சிக்னோ 207 போன்ற நிறமி ஜெல் மை தாளின் இழைக்குள் இறங்குவதால் கழுவி எடுப்பது கடினம். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் என்பதால் பின்பக்கம் நிழலாகத் தெரியும், எரிச்சல்தான்.

எழுதும் முறை ஆய்வுக்கூடப் பதிவேட்டைப் போலவே. பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும், ஒயிட்னர் தொடக்கூடாது. பக்கத்தில் மீதி இடம் இருந்தால் குறுக்குக்கோடு. இல்லாவிட்டால் பிறகு யார் வேண்டுமானாலும் ஒரு வரி நுழைக்கலாம்.

விலை உறுத்தினால், தைத்த கணக்கு நோட்டு வாங்கி நம்பரிங் மெஷினால் எண் குத்துங்கள். பாதுகாப்பில் பெரிய வித்தியாசம் இராது.

முழு நோட்டையும் புதிதாக எழுதி மாற்றிவைத்தால் எந்தத் தையலும் உதவாது. மாதக் கடைசியில் பக்கங்களைப் படமெடுத்து, ஒரே ஜிப் கோப்பாக்கி, அதன் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பை (கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு, கோப்பு துளி மாறினாலும் இதுவும் மாறிவிடும்) நம்பகமான ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். டைரியைக் காட்டாமலே தேதிக்குச் சாட்சி கிடைக்கும். அந்த ஜிப்பை அப்படியே பத்திரப்படுத்துங்கள். பக்கப் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், மதிப்பு பொருந்தாது. ஜிப்பை டாக்குமெண்டாக அனுப்பினால் பிரச்சினையில்லை.