ஆர் மொழியில் லெஜெண்டோடு பத்து வருடம்

முதல் அடி சென்னை மழையில் விழுந்தது. இரண்டு பருவமழைகளின் அளவையும் ஆண்டுவாரியாக ஆர் என்ற நிரல்மொழியில் புள்ளிகளாக வரைந்து, எந்த நிறம் எந்தப் பருவம் என்று சொல்லும் லெஜெண்ட் ஒன்றை மூலையில் வைத்துக் கொடுத்திருந்தேன். பார்த்த பெரியவர் ஒருவர், "ஏன் தம்பி, சென்னைக்கு எப்போதிலிருந்து தென்மேற்குப் பருவமழை இவ்வளவு பெய்கிறது?" என்று கேட்டார். புள்ளிகள் எல்லாம் சரியான இடத்தில்தான் இருந்தன. லெஜெண்டில் நிறங்கள் மாறிக் கிடந்தன.

தரவில் பருவங்களின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. ஆர் அதை ஃபேக்டராக, அதாவது வகைகளாக, மாற்றும்போது அகரவரிசையில் அடுக்கும். அதனால் நார்த்ஈஸ்ட் முதலாவது, சவுத்வெஸ்ட் இரண்டாவது. நானோ நாட்காட்டி வரிசையில், ஜூனில் தொடங்குவதை முதலிலும் அக்டோபரில் தொடங்குவதை அடுத்தும் கையால் எழுதிவிட்டேன். பேஸ் ஆரின், அதாவது கூடுதல் பேக்கேஜ் சேர்க்காத ஆரின், லெஜெண்ட் ஃபங்ஷனுக்குச் சார்ட்டில் என்ன வரைந்திருக்கிறது என்பதே தெரியாது. சொன்னதை அப்படியே ஒட்டிவிட்டுப் போகும். தரவு தமிழில் இருந்திருந்தால் 'தென்மேற்கு' முன்னால், 'வடகிழக்கு' பின்னால் என்று வரிசை தானாகவே பொருந்தியிருக்கும். அது வேறு கதை.

அன்றிலிருந்து பேஸ் ஆரில் லெஜெண்டுக்கான பெயர்களை நான் தட்டச்சு செய்வதில்லை. ஃபேக்டரின் லெவல்ஸ் என்ற வகைப்பெயர் வரிசையிலிருந்தே எடுத்துக்கொள்வேன், நிறமும் அதே வரிசையில் போகும். வரிசை பிடிக்கவில்லை என்றால் ஃபேக்டரை உருவாக்கும்போதே லெவல்ஸைச் சொல்லிவிட வேண்டும். இங்கே ஒரு குழி உண்டு. இருக்கிற ஃபேக்டரின் லெவல்ஸுக்குப் புதிய வரிசையை நேராகக் கொடுத்தால் வரிசை மாறாது, பெயர் மாறிவிடும். வடகிழக்கு மழை எல்லாம் தென்மேற்கு ஆகிவிடும், ஒரு எச்சரிக்கைகூட வராது. லெஜெண்ட் தவறானால் யாராவது பார்த்துச் சொல்வார்கள். இதில் தரவே போய்விடும்.

சார்ட்டுக்கு வெளியே லெஜெண்ட் வைப்பது பேஸ் ஆரில் தனிச் சண்டை. வலது ஓரம் இயல்பாக 2.1 வரி அளவுதான். அதை எட்டு, ஒன்பது என்று அகலப்படுத்தி, வெளியே வரைய விடும் எக்ஸ்பிடியை ட்ரூ ஆக்கி, ஓரத்திலிருந்து தள்ளிவைக்கும் இன்செட்டில் மைனஸ் எண் கொடுத்து, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்து நகர்த்த வேண்டும். படத்தின் அகலத்தை மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து.

இந்தச் சலிப்பில்தான் ஜிஜிபிளாட்2 என்ற வரைகலை பேக்கேஜுக்கு வந்தேன். ஹாட்லி விக்கம் 2007-இல் வெளியிட்டது. லீலண்ட் வில்கின்சன் சொன்ன 'வரைகலை இலக்கணம்' என்ற யோசனைதான் அடிப்படை. நிறத்தைத் தரவு அட்டவணையின் எந்தப் பத்தியோடு இணைக்கிறோம் என்று சொன்னால் போதும், லெஜெண்ட் அதிலிருந்தே பிறக்கும். நிறமும் பெயரும் தடம் புரள வழியில்லை என்று நினைத்தேன். வழி இருக்கிறது. நிறங்களை ஒதுக்கும் ஸ்கேலில் லேபிள்ஸை வெறும் பட்டியலாகக் கொடுத்தால் அது வரிசைப்படிதான் ஒட்டும், பழைய தவறு புதிய வாசல் வழியாக வந்து நிற்கும். இப்போது நிறமானாலும் லேபிளானாலும் 'இந்த மதிப்புக்கு இது' என்று பெயரிட்ட வெக்டராகத்தான் கொடுக்கிறேன்.

அதிகம் பேர் என்னிடம் கேட்ட சந்தேகம், "ஒரு லெஜெண்ட் போதும், ஏன் இரண்டு வருகிறது?" நிறத்தையும் புள்ளியின் வடிவத்தையும் ஒரே பத்தியோடு இணைத்திருப்பார்கள், ஆனால் தலைப்பை நிறத்துக்கு மட்டும் மாற்றியிருப்பார்கள். தலைப்பும் லேபிள்களும் ஒன்றாக இருந்தால்தான் இரண்டும் ஒன்று சேரும். அடுத்தது, புள்ளிகள் நெருக்கமாக இருக்கிறதே என்று நிறத்தின் அடர்த்தியைச் சொல்லும் ஆல்ஃபாவை 0.2-க்கு இறக்கினால் லெஜெண்டில் உள்ள புள்ளியும் மங்கிப்போய் நிறமே தெரியாது. கைடு லெஜெண்டுக்குள் ஓவர்ரைடு.ஏஈஎஸ் கொடுத்து அங்கே மட்டும் ஆல்ஃபாவை ஒன்றாக்கினால் சரியாகும். எனக்கு மிகவும் உதவிய ஒற்றை வரி இதுதான்.

பதிப்பு மாற்றங்கள் கொஞ்சம் எரிச்சல்தான். 3.4.0-இல் கோட்டின் தடிமனுக்கு சைஸ் போய் லைன்வித் வந்தது. 2024-இல் வந்த 3.5.0-இல் லெஜெண்டைச் சார்ட்டுக்குள் வைக்க வேண்டுமென்றால் இன்சைடு என்று சொல்லி, இடத்தை வேறொரு அமைப்பில் தர வேண்டும் என்று ஆக்கினார்கள். பழைய ஸ்கிரிப்டுகள் ஓடத்தான் செய்தன, எச்சரிக்கை மழையோடு.

தமிழில் லேபிள் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்துரு கிடைத்துவிட்டால் மட்டும் போதாது, எழுத்துகளைக் கோத்துத் தருகிற வேலையும் நடக்க வேண்டும். அது நடக்காத இடத்தில் 'தென்மேற்கு' என்பதில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பிடிஎஃப்புக்கு வழக்கமான பிடிஎஃப் டிவைஸை விட்டுவிட்டு கெய்ரோ பிடிஎஃப்பையும், பிஎன்ஜிக்கு ராக் பேக்கேஜையும் பயன்படுத்திய பிறகு எனக்கு இந்தத் தொல்லை இல்லை.

நிறங்களுக்கு ஓகாபே-இடோ தொகுப்பையே வைத்திருக்கிறேன். நிறக்குருடு உள்ளவர்களும் பிரித்தறியும்படி தேர்ந்தவை அவை. ஆர் 4.0.0 முதல் பேலட்.கலர்ஸ் ஃபங்ஷனிலேயே கிடைக்கிறது.

போன மாதம் அதே மழை சார்ட்டைப் புதிய ஆண்டுகளோடு மறுபடி வரைந்தேன், இந்த முறை கோடுகளாக. இரண்டே கோடுகள். லெஜெண்டே வேண்டாம் என்று அதன் பொசிஷனை 'நன்' ஆக்கிவிட்டு, ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் அதன் பெயரையே அதே நிறத்தில் எழுதிவிட்டேன். பெரியவருக்கு அனுப்பினேன். "லெஜெண்ட் எங்கே?" என்று பதில் வந்தது.