நெல்லித்தோப்பு மெக்கானிக் அண்ணா கடை

புதுச்சேரியில் ஸ்கூட்டரை நம்பி யாரிடம் விடலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த ஒரு இடம்தான். நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கத்துத் தெரு, பெயர்ப் பலகை கிடையாது, ஷட்டருக்கு மேலே வில்லியனூர் மாதா படம் இருக்கும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது ஞாபகம் இருக்கும். எங்கள் தெருவில் வண்டி சீட் வரை தண்ணீர். மறுநாள் மதியம் கொஞ்சம் வடிந்ததும் கிளப்பிப் பார்க்கலாம் என்று சாவியை எடுத்தேன், எதற்கும் கேட்டுவிடுவோம் என்று அண்ணாவுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க மாட்டார், ஆனால் போனை எடுத்தார். "செல்ஃப் அடிக்காதீங்க தம்பி, கிக்கரையும் மிதிக்காதீங்க, நாளைக்கு அப்படியே தள்ளிட்டு வாங்க." சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, பிஸ்டன் மேலே வந்து முட்டி கனெக்டிங் ராட் வளைந்துவிடும், அப்புறம் என்ஜினையே பிரிக்க வேண்டியதுதான் என்று பொறுமையாக விளக்கினார்.

தள்ளிக்கொண்டு போனேன். வழியில் இன்னொரு இடத்தில் கேட்டதற்கு, வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் என்ஜின் இறக்கணும், 6,500 ஆகும் என்றார்கள். அண்ணா ஆயிலை வடித்துக் காட்டினார், தண்ணீர் கலந்து பால் காபி நிறத்தில் வந்தது. புது ஆயில் ஊற்றி கொஞ்ச நேரம் ஓடவிட்டு அதையும் வடித்து மறுபடி ஊற்றினார். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மாற்றினார், பெல்ட்டைக் கழற்றித் துடைத்துவிட்டு, நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்று திருப்பிப் போட்டார்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ட்ரெயின் போல்ட்டை, அதாவது என்ஜின் அடியில் ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்டைப் பற்றி. முன்பு வேறு எங்கோ சர்வீஸ் விட்டபோது முரட்டுத்தனமாக முறுக்கியதில் மரை போயிருக்கிறது, அதைச் சொல்லாமல் எம்-சீல் வைத்து அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். எனக்குத் தெரியவே தெரியாது. அண்ணாவும் அப்படியே மூடியிருந்தால் இன்னும் சில மாதம் ஓடியிருக்கும், யாரும் அவரைக் கேட்டிருக்கப் போவதில்லை. லேத்தில் கொடுத்துப் புது மரை போட்டு வாங்கி வந்தார், அதில் ஒரு நாள் போனது. ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்றேன். "பார்த்துட்டேனே தம்பி, பார்த்த பிறகு எப்படி மூடறது?" என்றார்.

பைபிளில் கொலோசையர் திருமுகத்தில் எந்த வேலையையும் மனிதருக்காக இல்லாமல் ஆண்டவருக்காகவே செய்வதாக எண்ணிச் செய்யுங்கள் என்று வரும் பகுதியைப் பூசையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தத் திருமுகத்தில் பவுல் அதைச் சொன்னது அடிமைகளுக்கு, அதாவது தங்கள் வேலைக்கு எந்தப் பெயரும் கிடைக்காதவர்களுக்கு. வண்டிக்கு அடியில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் இருக்கும் ஒரு போல்ட்டைப் பார்த்த அன்றுதான் அது எனக்குப் புரிந்தது. அண்ணா என்னிடம் ஒரு வசனம்கூடச் சொன்னதில்லை.

மொத்தம் 2,340 ரூபாய். கழற்றிய சாமானை எல்லாம் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார், துண்டுச் சீட்டில் வாஷர் 10 ரூபாய் வரை எழுதியிருந்தது.

குறையும் உண்டு. வியாழன் தருகிறேன் என்றவர் சனிக்கிழமைதான் கொடுத்தார், புயலுக்குப் பிறகு வாசலில் அத்தனை வண்டி நின்றது. ஆனால் தாமதம் ஆகும் என்று அவரே முந்தின நாள் கூப்பிட்டுச் சொன்னார். புது மாடல் வண்டிகளில் சென்சார் கோளாறு என்றால் தன்னிடம் ஸ்கேனர் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார், அதற்கு வேறு இடம்தான் பார்க்க வேண்டும். உட்கார நாற்காலி ஒன்றே ஒன்று.

உள்ளே சுவரில் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான தச்சர் சூசையப்பர் படம் இருக்கிறது, கையில் இழைப்புளியோடு. மே 1-ஐ தொழிலாளரான சூசையப்பர் திருநாளாகத் திருச்சபை 1955-ல் அறிவித்து, கொண்டாடி வருகிறது. அன்று அண்ணா ஸ்பேனர்களை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து அந்தப் படத்துக்கு முன்னால் அடுக்கி வைப்பார். பக்கத்து லேத்துக்காரர் ஆயுத பூஜைக்குச் சுண்டல் கொடுத்தால் இவர் மே 1-க்கு அவருக்குக் கேக் கொடுப்பார். அன்றைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், வேலை நடக்காது.