அசைவின் மங்கலைத் தேடியவர்கள்: ‘லைட் அண்ட் மேஜிக்’ ஆவணத் தொடர் விமர்சனம்

பெரிய பட்ஜெட் படமொன்றில் கிராபிக்ஸ் சரியாக அமையாவிட்டால், முதல் காட்சி முடிந்து வெளியே வரும் ரசிகர்களே அதைக் குறையாகச் சொல்லிவிடுகிறார்கள். நன்றாக அமைந்துவிட்டாலோ, அதைச் செய்தவர்கள் யார் என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. நடிகரையும் இயக்குநரையும் இசையமைப்பாளரையும் அறிந்திருக்கும் நமக்கு, தந்திரக் காட்சிகளை உருவாக்கியவர்களில் ஒருவரின் பெயரைக்கூடச் சட்டென்று சொல்ல வராது. டிஸ்னியின் ஓடிடி தளத்தில் 2022 ஜூலையில் வெளியான ‘லைட் அண்ட் மேஜிக்’ என்னும் ஆறு பகுதித் தொடர் அந்த மனிதர்களை முகத்தோடும் பெயரோடும் நம் முன் நிறுத்துகிறது. இதை இயக்கிய லாரன்ஸ் காஸ்டன், ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் இரண்டாம் படமான ‘தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்’கின் திரைக்கதையில் பங்கேற்றவர். அதனால் நேர்காணல்களில் பேசுபவர்கள் அந்நியரிடம் பேசும் தயக்கமின்றிப் பேசுகிறார்கள்.

கதை 1975-இல் தொடங்குகிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை எடுக்க ஜார்ஜ் லூகாஸ் முனைந்தபோது, தயாரிப்பு நிறுவனமான ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் தன் தந்திரக் காட்சிப் பிரிவை ஏற்கெனவே மூடியிருந்தது. எனவே அவர் தாமே ஒரு குழுவைத் திரட்ட வேண்டியதாயிற்று. லாஸ் ஏஞ்சலஸின் வான் நைஸ் பகுதியில் ஒரு கிடங்கை வாடகைக்கு எடுத்து, தந்திரக் காட்சி வல்லுநர் ஜான் டைக்ஸ்ட்ராவின் தலைமையில் இளைஞர்களைச் சேர்த்து அவர் தொடங்கிய பட்டறைதான் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக். சுருக்கமாக ஐஎல்எம் என்கிறார்கள். அவர்களில் பலர் அதுவரை ஒரு முழுநீளப் படத்தில்கூட வேலை செய்ததில்லை. பட்டறைக்குள் அன்று எடுக்கப்பட்ட பழைய படச்சுருள்கள் தொடரில் தாராளமாக இடம்பெறுகின்றன. தாடியும் அரைக்கால் சட்டையுமாய்க் கோடை வெக்கையில் மாதிரிகளை ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இளைஞர்களைக் காண்பதே இத்தொடரின் முதல் இன்பம்.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கலைத் தொடர் பொறுமையாக விளக்குகிறது. லூகாஸ் கேட்டது, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானச் சண்டைகளைப் போல வேகமாக வளைந்து பாயும் விண்கலங்கள். ஒரே ஃபிரேமில் இரண்டு கலங்களும் நட்சத்திரங்களும் வர வேண்டுமானால், ஒவ்வொன்றையும் தனித்தனியே படமெடுத்துப் பின்னர் ஒன்றுசேர்க்க வேண்டும். கேமராவும் நகர வேண்டும் என்றால், ஒவ்வொரு முறையும் அது இம்மியும் பிசகாமல் ஒரே பாதையில் நகர்ந்தாக வேண்டும். மனிதக் கையால் அது ஆகாது. ஆகவே டைக்ஸ்ட்ராவின் குழு, மோட்டார்களால் இயங்கி, தான் நகர்ந்த பாதையை மின்னணு நினைவில் வைத்துக்கொண்டு அதை அப்படியே திரும்பச் செய்யும் ஒரு கேமரா அமைப்பை உருவாக்கியது. அதற்கு டைக்ஸ்ட்ராஃப்ளெக்ஸ் என்று பெயர். விண்கலம் நீலத்திரையின் முன் நிலையாக நிற்கும், பறப்பதெல்லாம் கேமராதான். கலத்தின் உடலுக்கு ஒரு முறை, எஞ்சினின் ஒளிக்கு இன்னொரு முறை என்று ஒரே பாதையில் அது மீண்டும் மீண்டும் ஓடும்.

இதில் என்னை மிகவும் ஈர்த்தது ஒரு நுட்பம். ஒளியை உள்ளே விடும் ஷட்டர் திறந்திருக்கும்போதே கேமரா நகர்வதால், ஒவ்வொரு ஃபிரேமிலும் கலத்தின் விளிம்பு சற்றே மங்கலாகப் பதிவாகிறது. உண்மையில் ஓடும் பொருளைப் படமெடுத்தால் இந்த மங்கல் தானாகவே வரும். நம் கண் அதை அசைவாக ஏற்றுக்கொள்ளும். பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே படமெடுக்கும் ஸ்டாப் மோஷன் முறையில் அது வராது. 1933-இன் ‘கிங் காங்’ முதல் ஸ்டாப் மோஷன் கலைஞர் ரே ஹாரிஹௌசனின் எலும்புக்கூட்டு வீரர்கள் வரை, எத்தனை அழகாக இருந்தாலும் அந்த உருவங்களில் ஒரு தடுக்கல் தெரிவதற்குக் காரணம் இதுவே. இத்தொடரின் ஆறு பகுதிகளையும் அந்த மங்கலைத் தேடிய வரலாறாகவே நான் பார்த்தேன். தொடர் அப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த இழை நெடுகிலும் ஓடுகிறது.

மாதிரிகளைப் பற்றிய பகுதிகளும் அருமை. முதல் படத்தின் தொடக்கத்தில் திரையை நிறைத்தபடி நம் தலைக்கு மேலே நகர்ந்துகொண்டேயிருக்கும் அந்தப் பிரம்மாண்ட விண்கப்பலின் மாதிரி ஏறத்தாழ மூன்றடி நீளமே கொண்டது. அது துரத்திச் செல்லும் சிறிய கப்பலின் மாதிரி அதைவிடப் பெரியது! கடைகளில் விற்ற பீரங்கி வண்டி, விமானப் பொம்மைப் பெட்டிகளை வாங்கி வந்து, அவற்றின் பிளாஸ்டிக் உறுப்புகளைப் பிரித்துக் கப்பலின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கிறார்கள். அந்த நுண்ணிய மேடுபள்ளங்களே கண்ணுக்குப் பேரளவைக் காட்டுகின்றன. லூகாஸ் இங்கிலாந்தில் படப்பிடிப்பை முடித்துத் திரும்பியபோது, தந்திரக் காட்சிகளுக்கான பணத்தில் பாதி செலவாகியிருந்தும் கைவசம் தேறியவை மிகச் சில ஷாட்டுகளே. கருவியை உருவாக்குவதிலேயே காலம் கழிந்துவிட்டது. அந்த நெருக்கடியை இரு தரப்பும் நேர்மையாக நினைவுகூர்கின்றன. படம் வெற்றிபெற்றபின் நிறுவனம் சான் ரஃபேலுக்கு இடம்பெயர்ந்ததும், டைக்ஸ்ட்ரா அதில் சேராமல் தனி வழி சென்றதும் பேசப்படுகின்றன. ஆனால் அந்தப் பிரிவின் காயத்தைத் தொடர் சற்று அவசரமாகவே கடந்துசெல்கிறது.

இதன் பிறகு ஸ்டாப் மோஷன் கலைஞர் ஃபில் டிப்பெட் கதையின் மையத்துக்கு வருகிறார். ‘தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்’ படத்தின் பனிவெளியில் நடக்கும் நான்கு கால் இயந்திரங்களை அவரும் அவரது சகாக்களும் ஸ்டாப் மோஷன் முறையில் அசைத்தார்கள். அவை இயந்திரங்கள் என்பதால் அந்தத் தடுக்கல் பொருத்தமாகவே இருந்தது. உயிருள்ள விலங்குக்கு அது பொருந்தாது. ஆகவே 1981-இல் வந்த ‘டிராகன்ஸ்லேயர்’ படத்துக்காக, ஷட்டர் திறந்திருக்கும் கணத்தில் பொம்மையையே கணினி கட்டுப்படுத்தும் மோட்டார்களால் அசைக்கும் கோ மோஷன் முறையைக் கையாண்டார்கள். மங்கல் பொம்மைக்கும் வந்து சேர்ந்தது. தம் கலையின் உச்சியை டிப்பெட் அங்கே தொட்டார் என்றே சொல்வேன்.

நடுப் பகுதிகளில் கணினிப் பிரிவின் வளர்ச்சி வருகிறது. ‘பிக்ஸார்’ லூகாஸின் நிறுவனத்திலிருந்து பிரிந்து 1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸின் கைக்குப் போனது, ஐஎல்எம்மில் பணியாற்றிய ஜான் நோல் தம் சகோதரருடன் சேர்ந்து ஃபோட்டோஷாப்பை உருவாக்கியது, ‘தி அபிஸ்’ படத்தின் நீர் உருவம், ‘டெர்மினேட்டர் 2’ படத்தின் உலோக மனிதன் என்று தகவல்கள் விரைந்து செல்கின்றன. சுவையானவைதான்; ஆனாலும் முதலிரண்டு பகுதிகளின் நிதானம் இங்கே இல்லை. ஒரு சாதனை, அடுத்த சாதனை, ஒரு விருது என்ற வரிசை சில இடங்களில் நிறுவனத்தின் விளம்பரப் படம் போலாகிவிடுகிறது.

இந்தச் சரிவை ‘ஜுராசிக் பார்க்’ மீட்டெடுக்கிறது. முழு உருவில் ஓடும் டைனோசர்களை டிப்பெட்டின் கோ மோஷன் முறையில் செய்வதே முதல் திட்டம். ஐஎல்எம்மின் கணினிக் கலைஞர்களான ஸ்டீவ் வில்லியம்ஸும் மார்க் டிப்பேயும் யாரும் கேட்காமலேயே கணினியில் ஒரு டி-ரெக்ஸ் எலும்புக்கூட்டை நடக்கவைத்தார்கள். ஐஎல்எம்மின் டென்னிஸ் மியூரனின் குழு அளித்த சோதனைக் காட்சிகளைக் கண்டபின் இயக்குநர் ஸ்பீல்பெர்க் முடிவை மாற்றிக்கொண்டார். தாம் அழிந்துபோன இனமாகிவிட்டதாக டிப்பெட் சொன்னதை ஸ்பீல்பெர்க் படத்தின் வசனத்திலேயே சேர்த்தார். அதன்பின் டிப்பெட் நோயில் விழுந்தார். ஆனால் அவரை யாரும் அனுப்பிவிடவில்லை. கணினியில் வேலை செய்தவர்களுக்கு ஒரு விலங்கு எப்படி எடையை மாற்றும், எப்போது தயங்கும் என்பது தெரியாது. அதைக் கற்பிக்க அவர் தேவைப்பட்டார். மூட்டுகளில் உணரிகள் பொருத்திய ஓர் எலும்புச் சட்டத்தையும் உருவாக்கினார்கள். பழைய கலைஞர்கள் பொம்மையை அசைப்பது போலவே அதைக் கையால் அசைத்தால், கணினி அந்த அசைவை உள்வாங்கிக்கொள்ளும். அந்தப் படத்தின் ஆஸ்கர் விருதைப் பெற்ற நால்வரில் டிப்பெட்டும் ஒருவர். இவற்றையெல்லாம் அவர் வாயாலேயே கேட்கும் நிமிடங்களுக்காகவே இத்தொடரைப் பார்க்கலாம்.

என் முதன்மையான குறை, தொடரின் எல்லையைப் பற்றியது. ஒரு நிறுவனம் தன் வரலாற்றைத் தானே சொல்லும்போது, அதற்கு வெளியே நடந்தவை சுருங்கிவிடுகின்றன. ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது; அதே மாதத்தில் அந்தப் புலிக்காக ஆஸ்கரும் கிடைத்தது. அரங்குக்கு வெளியே கலைஞர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். அந்த நிறுவனத்துக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. இன்று ஹாலிவுட் படங்களின் ரோட்டோ (உருவங்களை விளிம்போடு பிரித்தெடுத்தல்), பெயிண்ட் (வேண்டாதவற்றை அழித்துச் சீராக்குதல்) வேலைகளில் பெரும் பங்கு சென்னை, மும்பை, ஹைதராபாத் போன்ற நகரங்களில் இரவு பகலாக நடக்கிறது. பழைய பட்டறையில் விளிம்பு விளிம்பாக உருவங்களைப் பிரித்தெடுத்த அதே உழைப்பின் தொடர்ச்சி இது. தொழில் இப்படி உலகெங்கும் பரவியதையும், குறைந்த கட்டணத்துக்கு ஏலம் கேட்டே நிறுவனங்கள் நொடிந்துபோவதையும் பற்றி ஒரு பகுதியாவது இருந்திருக்க வேண்டும்.

2025-இல் ஜோ ஜான்ஸ்டன் இயக்கத்தில் மூன்று பகுதிகளாக இரண்டாம் பருவமும் வந்தது. அது பின்னாளைய டிஜிட்டல் காலத்தைச் சொல்கிறது. முதல் பருவத்தை முடித்தவர்கள் அதற்குச் செல்லலாம். நேரம் குறைவாக உள்ளவர்கள் முதல் இரண்டு பகுதிகளையும் கடைசி இரண்டையும் பார்த்தாலே போதும். சினிமா பயிலும் மாணவர்களும், கிராபிக்ஸ் துறையில் வேலை செய்யும் இளைஞர்களும் ஆறையும் வரிசையாகப் பார்க்கட்டும். முடித்த கையோடு ‘டிராகன்ஸ்லேயர்’ படத்தையும் தேடிப் பார்த்து, அந்த டிராகனின் நடையைச் சில ஃபிரேம்களில் நிறுத்தி நிறுத்திக் கவனிக்குமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.