சுருட்டை முடிக்குச் செவ்வாய்ப்பேட்டை ஆளிவிதை

பாட்டில் ஜெல்லுக்கு நூற்றுக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடைகளில் கால் கிலோ ஆளிவிதை வாங்கினால் வீட்டிலேயே பன்னிரண்டு முறை ஜெல் காய்ச்ச வரும். வறுக்காத முழு விதையாகக் கேளுங்கள். பொடி வேண்டவே வேண்டாம், வடிகட்ட முடியாது.

இரண்டு மேசைக்கரண்டி விதைக்கு 400 மில்லி தண்ணீர். மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஏழெட்டு நிமிடத்தில் முட்டை வெள்ளைக்கரு போல இழுபடும். உடனே இறக்கிச் சூட்டோடு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். ஆறவிட்டால் விதையோடு இறுகிப்போய் துணியில் இறங்காது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

ஷாம்பூ, கண்டிஷனர் முடித்து, நீர் சொட்டும் முடியிலேயே தடவி, கீழிருந்து மேலாகக் கசக்குங்கள். துவாலையால் தேய்த்தால் சுருள் கலைந்துவிடும். பழைய பருத்தி பனியனால் ஒற்றுங்கள். காயும்வரை கை வைக்காதீர்கள். காய்ந்ததும் மொறமொறப்பாக நிற்கும், லேசாகக் கசக்கினால் மிருதுவாகிவிடும்.

போர்வெல் உப்புத் தண்ணீரில் குளிப்பவர்களுக்குச் சுண்ணாம்பு படிந்து முடி விறைக்கும், எந்த ஜெல்லும் ஒட்டாது. கடைசி அலசலுக்காவது ஒரு குடம் மேட்டூர் காவிரித் தண்ணீர் எடுத்துவையுங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

குறை ஒன்று உண்டு. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் இதன் பிடிமானம் போதாது, மதியத்துக்குள் முடி உப்பிவிடும். மலைக்குப் போகும் நாளில் பின்னிக்கொள்வதே நல்லது.